கிழித்த தேதியில் ஒரு கொக்கு



எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் தேதி கிழிப்பது அம்மாவின் உரிமை. காலையில் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு, முதல் நாள் தாளைக் கிழிப்பார். புதுத் தாளில் ராகு காலம், எமகண்டம், ராசிபலன் எல்லாம் ஒரு பார்வை பார்த்த பிறகுதான் காபி. கிழித்த தாளைக் கசக்கி எறியும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மளிகை லிஸ்ட் எழுத, பால் கணக்குப் போட, கோயிலில் கொடுத்த விபூதியை மடித்து வைக்க என்று ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வேலை வைத்திருப்பார்.

இந்தப் பொங்கலிலிருந்து அந்தத் தாள்களுக்கு வேறொரு வேலை வந்திருக்கிறது. ஒரு தாளுக்கு ஒரு காகிதக் கொக்கு. இந்தப் பக்கத்தை எழுதும் ஜூலைக் கடைசியில், பழைய பிஸ்கட் டின்னில் 183 கொக்குகள் இருக்கின்றன. போய்ச் சேர வேண்டியது ஆயிரம்.

உண்மையைச் சொன்னால், இது என் இரண்டாவது முயற்சி.

போன வருடம் வண்ணத்தாள் பாக்கெட்டுகள் வாங்கிவந்து, பெரிய திட்டத்தோடு ஆரம்பித்தேன். தினம் பத்து, நூறு நாளில் ஆயிரம். கை பழகிவிட்டால் ஒரு கொக்குக்கு மூன்று நிமிடம் போதும். அப்படியானால் ஆயிரத்துக்கும் சேர்த்து ஐம்பது மணி நேரம். ஒரு நாளைக்கு அரை மணி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போனைப் பார்த்துக்கொண்டு எத்தனை அரை மணி போகிறது? கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் வீடு கணக்குப்படியா நடக்கிறது?

பத்தொன்பதாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். மூன்று நாள் கொக்கு ஞாபகமே இல்லை. நாலாம் நாள் உட்கார்ந்தபோது முப்பது பாக்கி, அன்றைய பத்தும் சேர்த்து நாற்பது. அந்த வாரமே இதழ் முடிக்கும் நெருக்கடி. பாக்கி எழுபதானது, நூறானது. கட்டாத சீட்டுத் தவணை போல அது மனதில் உட்கார்ந்துகொண்டது. அழகுக்காக ஆரம்பித்த ஒன்றை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. ஒருநாள் தாள்களையும் செய்து முடித்த கொக்குகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண் மேல் ஏற்றிவிட்டேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு பெட்டி இருக்கும், இல்லையா? ஜனவரியில் வாங்கிய டைரி, பத்தே நாள் போட்டுக்கொண்ட வாக்கிங் ஷூ, பாதி பின்னிய ஸ்வெட்டர். நம்மில் யாருக்குத்தான் இல்லை?

போகிக்குப் பரண் சுத்தம் செய்தபோது பெட்டி கீழே வந்தது. அம்மா ஒரு கொக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இவ்வளவு நல்லா வந்திருக்கு, ஏன் விட்டுட்டே?" என்றார். பாக்கி ஏறிப்போன கதையைச் சொன்னேன்.

"தேதி தினம் ஒண்ணுதானே கிழிக்கிறோம்? கொக்கும் ஒண்ணு பண்ணேன்."

அவ்வளவுதான். அன்று கிழித்த தாளிலேயே முதல் கொக்கு பிறந்தது.

தினம் ஒன்று என்றால் ஆயிரத்துக்கு இரண்டே முக்கால் வருடம் ஆகும். ஆகட்டுமே! இந்த ஏற்பாட்டில் பாக்கி என்ற பேச்சே இல்லை. விட்டுப்போன நாளின் தாள், காலண்டர் மாட்டிய ஆணியிலேயே குத்தியிருக்கும். ஊரிலிருந்து அண்ணன் பிள்ளைகள் வந்தால் அதை எடுத்து மடிப்பார்கள். அவர்கள் வராவிட்டால் அம்மா அதில் மளிகை லிஸ்ட் எழுதிவிடுவார். யாருக்கும் கடன் இல்லை.

இதைப் பற்றி இந்த மாதம் எழுதுவதற்குக் காரணம் ஆகஸ்ட் 6. ஹிரோஷிமா மீது அணுகுண்டு விழுந்த நாள். காகிதக் கொக்கை உலகம் முழுவதும் கொண்டுசேர்த்த சிறுமி அந்த ஊர்க்காரி.

ஆயிரம் கொக்கு என்ற வழக்கம் ஜப்பானில் அதற்கும் முந்தையது. கொக்கு ஆயிரம் வருடம் வாழும், ஆமை பத்தாயிரம் வருடம் வாழும் என்பது அங்கே வழிவழியாக வரும் நம்பிக்கை. ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். அந்த ஆயிரத்தை நூலில் கோத்துத் தொங்கவிடுவதைத்தான் சென்பஸுரு என்கிறார்கள். 1797-ல் கியோட்டோவில் வெளியான ஒரு புத்தகம், ஒரே தாளில் வெட்டு போட்டு, ஒன்றோடொன்று ஒட்டியபடியே பல கொக்குகள் மடிக்கும் 49 வகைகளைப் படம் போட்டுச் சொல்கிறது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் 'கொக்கு' என்கிறோமே தவிர, ஜப்பானியர் மனதில் இருப்பது நம் வயல்வரப்பில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு இல்லை. அது ஏறக்குறைய ஐந்தடி உயரம் வளரும், உச்சந்தலையில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய பறவை. வடக்கே ஹொக்கைடோவின் சதுப்பு நிலங்களில் பனியில் நின்று ஆடும்.

நான் சொன்ன ஹிரோஷிமாச் சிறுமி சடகோ சசாகி, 1943 ஜனவரி 7-ல் பிறந்தாள். குண்டு விழுந்தபோது இரண்டு வயது. வெடித்த இடத்திலிருந்து சுமார் 1.6 கிலோமீட்டர் தூரத்தில் வீடு. குழந்தைக்கு வெளியே தெரியும்படி பெரிய காயம் எதுவும் இல்லை. தூக்கிக்கொண்டு ஓடிய வழியில் கறுப்பு மழை பெய்து நனைத்தது. அதன்பிறகு மற்ற குழந்தைகளைப் போலவே வளர்ந்தாள். நன்றாக ஓடுவாள், ஆறாம் வகுப்பில் வகுப்பின் ரிலே அணியில் இருந்தாள். 1954 கடைசியில் சளி பிடித்ததுபோல் ஆரம்பித்து, கழுத்தில் கட்டிகள் வந்தன. 1955 பிப்ரவரி 21-ல் ஹிரோஷிமா செஞ்சிலுவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தப் புற்றுநோய். அதிகபட்சம் ஒரு வருடம் என்று பெற்றோரிடம் சொன்னார்கள்.

அந்த ஆகஸ்டில் நகோயாவிலிருந்து மாணவர்கள் நோயாளிகளுக்காகக் காகிதக் கொக்குகள் அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் சடகோவும் மடிக்க ஆரம்பித்தாள். தாளுக்குத் தட்டுப்பாடு. மருந்து சுற்றி வந்த தாள், பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு வந்த பரிசுப் பொட்டலத்தின் மேல்தாள் என்று எது கிடைத்தாலும் கொக்கானது. நம்மூர் நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்டிருக்கும் கதை எது? 644 கொக்கு மடித்தபோது உயிர் பிரிந்தது, மீதி 356-ஐ தோழிகள் மடித்து முடித்தார்கள் என்பதுதானே? நானும் வருடக்கணக்கில் அதைத்தான் நம்பினேன். எலினார் கோயர் 1977-ல் எழுதிய நாவல் வழியாகப் பரவிய கதை அது. ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் சடகோவின் அண்ணன் மசாஹிரோவும் சொல்வது வேறு. அவள் ஆயிரத்தை முடித்துவிட்டாள். ஆகஸ்ட் முடிவதற்குள் முடித்துவிட்டாள். உடம்பு தேறவில்லை. பிறகும் மடித்தாள், இன்னும் சின்னதாக, ஊசியின் உதவியோடு மடிக்க வேண்டிய அளவுக்கு. அக்டோபர் 25-ல் இறந்தபோது வயது பன்னிரண்டு.

நாவலின் முடிவு கண்ணீர் வரவைக்கும். எனக்கு இந்த உண்மைதான் அதைவிடப் பெரிதாகப் படுகிறது. எண்ணிக்கை முடியாமல் போனதில் ஒரு சமாதானம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நாள் கிடைத்திருந்தால் பலித்திருக்குமோ என்று நினைத்துக்கொள்ளலாம். இவள் முடித்தாள், பலிக்கவில்லை, அடுத்த தாளை எடுத்தாள். பன்னிரண்டு வயதில்!

மகளுக்கு இதைச் சொன்னபோது கேட்டாள்: "ஆயிரம் செஞ்சா நினைச்சது நடக்காதாம்மா?"

பிள்ளைகளிடம் இந்த மாதிரி நேரத்தில் மழுப்பக் கூடாது என்பது என் கருத்து. "நடக்காது. சடகோவுக்கு நடக்கலையே" என்றேன்.

"அப்புறம் ஏன் செஞ்சா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிராமல் சொன்னார்: "தாத்தா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் ஸ்ரீராமஜெயம் எழுதலையாடி? கை சும்மா இருந்தா மனசு எங்கெங்கயோ போகும்."

எனக்கு அந்த நோட்டு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டுகளில் சின்னச் சின்ன எழுத்தாக எழுதுவார். டாக்டர் வந்தால் எழுந்து நிற்பார், போனதும் விட்ட வரியிலிருந்து தொடர்வார். அப்பா வீடு திரும்பவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலையில் அம்மா நோட்டை எடுத்து, நடுவில் நின்றுபோன பக்கத்திலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தார். லட்சம் முடிந்த பிறகும் எழுதினார். ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

பெரும்பாலான வீடுகளில் இப்படி ஒருவர் இருப்பார். எழுதுகிறவர், பூ கட்டுகிறவர், வாசலில் இத்தனை புள்ளி இத்தனை வரிசை என்று தினம் எண்ணிக் கோலம் போடுகிறவர். எண்ணிச் செய்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை. ஆயிரம் கொக்கு எங்கேயோ ஜப்பானில் பிறந்தாலும், அம்மாவுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மடிக்கக் கற்றுக்கொடுத்தபோதும் அப்படித்தான். அம்மாவுக்கு விரல் மூட்டில் வலி உண்டு, முடியுமோ என்று யோசித்தேன். விபூதிப் பொட்டலம் மடித்துப் பழகிய கை! மடிப்பின் மேல் நகத்தை ஒருமுறை ஓட்டினால் கத்தி போலப் படிகிறது. என் கொக்கை விட அவருடையது நேராக நிற்கிறது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காலண்டர் தாள் நீளவாட்டில் இருக்கும். ஒரு மூலையை எதிர் விளிம்போடு சேர்த்து முக்கோணமாக மடித்து, மிஞ்சும் பட்டையை வெட்டிவிட்டால் சதுரம் கிடைக்கும். ராசிபலன் அந்தப் பட்டையில் போய்விடும் என்பதால், எங்கள் வீட்டில் அம்மா படித்து முடித்த பிறகுதான் கத்தரிக்கோல். சதுரம் சரியாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கடைசியில் அலகு கோணிக்கொள்ளும். அதன்பிறகு வரும் மடிப்புகள் எளியவை, ஒரே ஓர் இடத்தைத் தவிர. வாழைப்பூ மடலைப் பிரிப்பதுபோல ஒரு மடலைத் தூக்கி மேலே இழுத்து, இரண்டு ஓரமும் உள்ளே சாய்ந்து படியும்படி அழுத்த வேண்டும். தாளைக் கசக்கி எறிந்துவிட்டு எழுந்து போகத் தோன்றுவது அங்கேதான். அம்மாவும் அங்கே நின்றுபோனார். "பாட்டி, இழுக்காதீங்க, தானா வரும், மெதுவா தூக்குங்க" என்று பேத்தி சொல்ல, "இரு, இரு, அவசரப்படுத்தாத" என்று பாட்டி சொல்ல, நாலாவது தாளில் வந்துவிட்டது. அதைத் தாண்டினால் கழுத்தும் வாலும் சுலபம்.

ஓரிகாமி புத்தகம் ஏதாவது கிடைத்தால் படம் பார்த்தே மடிக்கலாம், மொழி வேண்டாம். இன்று உலகம் முழுவதும் அந்தப் படங்களில் வரும் புள்ளிக்கோடுகளுக்கும் அம்புக்குறிகளுக்கும் அடித்தளம் போட்டவர் அகிரா யோஷிஸாவா என்ற கலைஞர். இறந்தது 2005-ல், வயது 94.

வீட்டில் மாதக் காலண்டர்தான் இருக்கிறது என்பவர்கள், ஒரு பக்கம் அச்சான ஏ4 தாளை எடுத்துக்கொள்ளலாம். ஏழு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் ஒரு தாளில் பன்னிரண்டு கிடைக்கும். ஆயிரத்துக்கு 84 தாள் போதும். ஆனால் முதல்முறை பழகுகிறவர்கள் பெரிய சதுரத்தில் ஆரம்பியுங்கள். சின்னத் தாளில் விரல் தடுமாறும். கோக்கும்போது ஒரு சரத்துக்கு நாற்பதாக இருபத்தைந்து சரம் வரும். பூ கோர்க்கிற ஊசியை வயிற்றின் அடியில் குத்தி முதுகில் எடுத்து, நூலின் கடைசியில் ஒரு சட்டைப் பொத்தானைக் கட்டிவிட்டால் நழுவாது.

பிள்ளைகளுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. மார்க் வருமா என்று நேரடியாகவே கேட்டார் ஒரு தோழி. மார்க்குக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஒரு விஷயம் நமக்குப் பெருமை தரும். தாள் மடித்தே ஜியோமிதி கற்கலாம் என்று காட்டிய புத்தகம் ஒன்று 1893-ல் நம் சென்னையில் வெளிவந்தது. எழுதியவர் சுந்தர ராவ். சிறுபிள்ளைகளின் கிண்டர்கார்டனில் இருந்த தாள் மடிப்பு விளையாட்டிலிருந்துதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஸ்கேலும் காம்பஸும் இல்லாமல், தாளை மடித்தே சதுரம், ஐங்கோணம், அறுகோணம் என்று கொண்டுவந்தார். ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் இதைக் குறிப்பிட்டார். 1901-ல் சிகாகோவில் ஒரு பதிப்பும் வந்தது. மகள் கோணத்தைப் பாதியாக்கும் கணக்கை நோட்டில் போடும்போது, "கொக்குக்கு மடிக்கிற மாதிரிதானேம்மா?" என்றாள். ஆமாம், அதே மடிப்புதான்.

செய்து முடித்த கொக்குகளை என்ன செய்வது? இதில் கொஞ்சம் வெளிப்படையாகவே பேச நினைக்கிறேன்.

சடகோவின் வகுப்புத் தோழர்கள் தொடங்கி, ஜப்பானின் 3,100-க்கும் மேற்பட்ட பள்ளிகளும் ஒன்பது வெளிநாடுகளும் பணம் சேர்த்து உதவியதில், 1958 மே 5-ல் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் சிறுவர் அமைதி நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. தலைக்கு மேல் கொக்கை ஏந்தி நிற்கும் ஒரு சிறுமியின் சிலை. அங்கே உலகம் முழுவதிலுமிருந்து வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு கோடி காகிதக் கொக்குகள் வருகின்றன. எடை சுமார் பத்து டன். 2003-ல் ஒரு கல்லூரி மாணவர் தீ வைத்ததில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கொக்குகள் எரிந்து போயின. வருகிறவற்றை எங்கே வைப்பது என்று நகராட்சி பல வருடம் திணறி, இப்போது அவற்றை மறுசுழற்சிக்கு அனுப்புகிறது. அந்தக் கூழிலிருந்து வரும் தாள் தபால் அட்டையாகவும் நோட்டாகவும் மாறுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் நாமும் ஒரு பார்சல் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளத்திலோ போரிலோ தவிப்பவர்களுக்குக் காகிதக் கொக்கு அனுப்புவது சரியா என்று ஜப்பானிலேயே விவாதம் நடந்திருக்கிறது. என் கட்சி இதில் தெளிவு. அரிசியும் மாத்திரையும் போர்வையும் தேவைப்படுகிற இடத்துக்குக் கொக்கு போகக் கூடாது. அங்கே அனுப்ப வேண்டியது அரிசிதான். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சொந்தக்காரருக்கு ஆயிரம் கொக்குச் சரம் கொண்டுபோகும் முன்னும், மாட்ட இடம் உண்டா, அவருக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருமாக ஒன்று மடிக்கலாம்.

எங்கள் வீட்டுக் கொக்குகள் எங்கேயும் போவதாக இல்லை. எந்தப் பக்கம் வைத்து மடிக்கிறோம் என்பதைப் பொறுத்து, தேதி சில நாள் இறக்கையில் வந்து உட்காரும், சில நாள் வயிற்றுக்குள் ஒளிந்துகொள்ளும். சிவப்பு மை கண்ணில் பட்டால் அது ஞாயிறு. டின்னைக் கொட்டிவிட்டு மகள் ஒவ்வொன்றாக எடுத்து, "இது என் பர்த்டே", "இது மாமா வந்த நாள்", "இது பாட்டிக்குக் கண் ஆபரேஷன்" என்று அடுக்குவாள். அம்மாவின் ஆபரேஷன் நாள் கொக்குக்குக் கழுத்து வளைந்திருக்கும். அன்று மடித்தது நான், வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்து.

இந்த ஆகஸ்ட் 6-ம் தேதித் தாளை மறுநாள் காலையில் கிழித்ததும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதை ஒரு கொக்காக்கிப் பாருங்கள். பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள், சடகோவின் கதையைப் பிள்ளைகளுக்கு முழுசாகச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் அடுத்த நாள் ஒன்று. விட்டுப்போனால் போகட்டும்.

கொக்கை எங்களுக்கு அனுப்ப வேண்டாம், அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டில் யார் மடித்தார்கள், எந்த மடிப்பில் நின்றுபோனார்கள் என்று ஒரு கடிதம் மட்டும் எழுதுங்கள். அம்மாவும் படிக்கக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்